டெல்லியிலிருந்து ட்ரவுட் பிடிக்க: தீர்த்தனா, ஊஹலா, காஷ்மீரா?

ட்ரவுட் மீன் பிடிக்கப் புதிதாக ஃப்ளை ராட் என்ற தூண்டில் வாங்கிய டெல்லித் தமிழர்கள் முதலில் கேட்பது "எந்த ஆறு நல்லது சார்?" என்பதுதான். அதற்கு நேர்ப்பதில் கிடையாது. "உங்களுக்கு எந்த மாசம் லீவு?" என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. ஆறு அப்புறம், மாதம்தான் முதலில்.

காரணம் மீனிலேயே இருக்கிறது. ட்ரவுட் குளிர்ந்த நீரில் வாழும் மீன். தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தவிக்கத் தொடங்கிவிடும். இரையைக் கண்ணால் பார்த்து எடுக்கும். மண்புழுவை முள்ளில் கோத்தால் கலங்கல் நீரிலும் வாசனைக்கு ஏதாவது வந்து கடிக்கும். ஃப்ளை என்பதோ இறகும் நூலும் சுற்றிய வெறும் முள். தண்ணீர் கலங்கினால் அது இருப்பதே மீனுக்குத் தெரியாது. ஆகவே ஒரு ஆறு எந்தெந்த மாதங்களில் தெளிந்து ஓடுகிறது என்பதுதான் அந்த ஆற்றின் ஜாதகம்.

மீனின் தரத்தைப் பொறுத்தவரை ஹிமாச்சலுக்கும் காஷ்மீருக்கும் பெரிய பேதம் கற்பிக்க முடியாது. இரண்டு ஊர் மீனும் ஒரே வம்சம். பிரவுன் ட்ரவுட் ஐரோப்பாவைச் சேர்ந்தது. 1900-இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த முட்டைகளிலிருந்து காஷ்மீரில் வேரூன்றியது. அங்கிருந்து 1909-இல் ஹோவெல் என்ற ஆங்கிலேய அதிகாரி குல்லு பள்ளத்தாக்குக்கு முட்டைகளைக் கொண்டுவந்தார். கட்ராயின் அருகே மஹிலியில் பொரிப்பகம் அமைந்தது. ரெயின்போ ட்ரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் கரைக்காரர். இங்கே பெரும்பாலும் பண்ணைக் குளங்களில் வளர்கிறார், வெள்ளம் வந்தால் தப்பித்து ஆற்றுக்கும் வருவார். ஆற்றில் பிறந்து வளர்ந்த பிரவுன்தான் ஃப்ளைக்காரர்கள் தேடிப் போவது. பாறைக்கு அடியில் பதுங்கி, உங்கள் நிழல் விழுந்தாலே காணாமல் போய்விடும்.

தீர்த்தன்

ஹிமாச்சலின் குல்லு மாவட்டத்தில் ஓடும் இந்த ஆறுதான் டெல்லிக்கு மிக வசதியானது. காஷ்மீரி கேட்டில் மாலையில் மணாலி வோல்வோ ஏறினால், விடிகிற நேரத்தில் மண்டியைத் தாண்டி ஔட்டில் இறங்கிவிடலாம். சுரங்கப்பாதைக்கு முன்பாகவே இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் இரவே சொல்லி வைக்க வேண்டும். தூங்கிப்போனால் குல்லுவில்தான் கண் விழிப்பீர்கள். அங்கிருந்து லார்ஜி, பஞ்சார் வழியாக ஆற்றங்கரை ஊர்களான நாகினி, குஷைனி. வெள்ளி இரவு கிளம்பி, இரண்டு நாள் ஆற்றில் நின்று, திங்கள் காலை அலுவலகத்தில் கொட்டாவி விடலாம்.

ஆற்றுக்குப் பக்கத்திலேயே சாலை போகிறது. பாறைகளுக்கு நடுவே சின்னச் சின்ன மடுக்கள். தூரமாக வீசத் தெரிய வேண்டிய அவசியமில்லை. பதினைந்து, இருபது அடி நரம்பு வெளியே இருந்தால் போதும். புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிடப் பெரிய சலுகை இல்லை. அழகாக வீசுவதைவிட, மீனுக்குத் தெரியாமல் முதுகு வளைத்துப் போய் நிற்பதுதான் இங்கே வித்தை.

இந்த ஆறு இப்படியே இருப்பதற்கு ஒரு மனிதருக்கும் நன்றி சொல்ல வேண்டும். பஞ்சாரின் முன்னாள் எம்.எல்.ஏ. திலே ராம் ஷபாப், தீர்த்தனில் நீர்மின் திட்டங்கள் வேண்டாம் என்று நீதிமன்றம் வரை போய்ப் போராடினார். குல்லு பகுதியில் அணையோ சுரங்கமோ தொடாமல் ஓடும் ஆறுகள் குறைவு என்பதால் அந்த வெற்றியின் அருமை இன்றைக்குத்தான் புரிகிறது. ஆறு பிறந்து வருவது 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கிரேட் ஹிமாலயன் தேசியப் பூங்காவுக்குள். பூங்காவுக்குள் நுழையத் தனி அனுமதி வேண்டும்.

குறை என்று சொன்னால் கூட்டம். ஹோம்ஸ்டே இல்லாத திருப்பமே இல்லை. வார இறுதியில் ஸ்பீக்கரோடு ஆற்றில் இறங்கும் கும்பலும் உண்டு, அவர்களில் நம் டெல்லிவாலாக்களே அதிகம். சாலையோர மடுக்களில் இருக்கும் மீன்கள் எல்லா ஃப்ளையையும் பார்த்துச் சலித்தவை. குஷைனிக்கு மேலே நடக்கத் தயாராக இருந்தால் மட்டும் நிம்மதி.

மார்ச், ஏப்ரலில் நீர் குறைவாக, கண்ணாடியாக இருக்கும். காலையில் குளிரில் மீன் மந்தமாகக் கிடக்கும், பத்து பதினொரு மணிக்கு வெயில் ஏறியதும் இரைக்கு வரும். மே, ஜூனில் கதை தலைகீழ். பகல் வெயிலில் மேலே உருகும் பனி, மாலையில் இங்கே பெருக்காக வந்து சேரும். அந்த மாதங்களில் அதிகாலையிலேயே இறங்கி, மதியத்துக்குள் கரையேறிவிட வேண்டும். பிள்ளைகளின் கோடை விடுமுறையும் அதே நேரம் என்பதால் அறை வாடகையும் பெருக்கெடுக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் நடுப்பகுதி வரை போகவே போகாதீர்கள். 2023 ஜூலை வெள்ளம் குல்லு, மண்டி மாவட்டங்களை என்ன பாடு படுத்தியது என்று எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் அந்தச் சாலையில் மீனுக்காகப் பயணம் செய்வது அசட்டுத் துணிச்சல்.

என்னைக் கேட்டால் அக்டோபர். மழை ஓய்ந்து ஆறு தெளிந்திருக்கும். முட்டையிடும் காலம் நெருங்குவதால் பிரவுனுக்குப் பசியும் கோபமும் சேர்ந்திருக்கும். நவம்பர் 1 முதல் பிப்ரவரி முடிய ஹிமாச்சலில் ட்ரவுட் பிடிக்கத் தடை. ஒரு எச்சரிக்கை: விஜயதசமியன்றுதான் குல்லு தசரா தொடங்குகிறது, ஒரு வாரம் நடக்கும். அந்த வாரத்தில் பஸ் சீட்டும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. வீட்டில் கொலு இருந்தால் சுண்டல் தின்றுவிட்டு, தசரா முடிந்த மறுவாரம் கிளம்புங்கள்.

ஊஹல்

மண்டியிலிருந்து பதான்கோட் சாலையில் கட்டாசனி வரை போய், அங்கிருந்து மலைச்சாலையில் திரும்பினால் பரோட். ஊஹல் ஆறு அங்கே. தீர்த்தனை விடக் கூடுதலாகச் சில மணி நேரம் பிடிக்கும், அந்தச் சில மணி நேரமே கூட்டத்தை வடிகட்டிவிடுகிறது. மாதக் கணக்கு தீர்த்தனைப் போலத்தான்.

ஆனால் இது கட்டுப்பட்ட ஆறு. 1930களின் தொடக்கத்தில் வந்த ஷானன் மின்நிலையத்துக்காக பரோட்டில் நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து ஜோகிந்தர்நகருக்கு அனுப்புகிறார்கள். மண்டி அரசர் 1925-இல் 99 ஆண்டுக்குக் கொடுத்த குத்தகை 2024-இல் முடிந்து, பஞ்சாபும் ஹிமாச்சலும் அதற்காக உச்ச நீதிமன்றத்தில் நிற்கின்றன. மின்நிலையம் யாருக்குப் போனாலும் மீன்காரருக்குக் கவலை ஒன்றுதான்: தடுப்புக்குக் கீழே நீர் குறையும், எப்போது ஏறும் இறங்கும் என்று கணிக்க முடியாது. நீர்த்தேக்கத்துக்கு மேலே போனால் ஆறு அதன் இயல்பில் ஓடுகிறது. தனியாக, சத்தமில்லாமல் நாள் முழுக்க நிற்க விரும்புகிறவர்களுக்குத் தீர்த்தனை விட இதையே சொல்வேன். குடும்பத்தோடு போகிறவர்களுக்குச் சொல்ல மாட்டேன். இரண்டாம் நாளே "இங்க வேற என்ன இருக்கு?" என்று கேட்பார்கள், பதில் இருக்காது.

சிம்லா பக்கம் ரோஹ்ருவில் ஓடும் பப்பரையும் சிலர் சொல்வார்கள். பழைய பெயர் பெற்ற ஆறு. ஹாட்கோட்டி அருகே 111 மெகாவாட் மின்திட்டம் வந்த பிறகு, அதற்கு மேலே சிர்காவ் பக்கம் போனால்தான் பயன். சிம்லாவுக்கு வேறு வேலையாகப் போகிறவர் சேர்த்துப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவே.

காஷ்மீர்

ஜூலை முதல் செப்டம்பர் வரை ஹிமாச்சல் சேறாக ஓடும்போது காஷ்மீர் தெளிந்திருக்கும். பீர் பஞ்சால் மலை பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதே காரணம். சுதந்திர தின விடுமுறையை ஒட்டி நாலைந்து நாள் லீவு தேறுகிறவருக்கு வேறு போட்டியே இல்லை.

அங்கேயும் ஆற்றுக்கு ஆறு வித்தியாசம் உண்டு. பஹல்காம் வழியாக வரும் லித்தர், கொலஹோய் பனியாற்றுப் பக்கமிருந்து இறங்குகிறது. ஜூன், ஜூலையில் பால் கலந்தது போல வெளுத்து, வேகமாக ஓடும். ஆகஸ்ட் கடைசியில்தான் அடங்கும். கோக்கர்நாக் பக்கத்து பிரிங்கிக்கு ஊற்று நீரின் துணை உண்டு. கோக்கர்நாக்கே ஊற்றுகளுக்குப் பேர்போன ஊர், அங்குள்ள அரசு ட்ரவுட் பண்ணையும் பெரியது. ஆனால் சுண்ணாம்புப் பாறை நிலத்துக்கு ஒரு குணம் உண்டு. 2022 பிப்ரவரியில் ஆற்றுப்படுகையில் திடீரென்று ஒரு குழி விழுந்து, பிரிங்கியின் நீர் முழுவதும் அதற்குள் இறங்கிவிட்டது. கீழே ஆறு வறண்டு ட்ரவுட்டுகள் செத்துக் கிடந்தன. இரண்டில் ஒன்று என்றால் இப்போதும் பிரிங்கிதான் என் கட்சி.

காஷ்மீரில் ஆற்றைப் 'பீட்' எனப்படும் துண்டுகளாகப் பிரித்து, மீன்வளத் துறை நாள்வாரியாக அனுமதி தருகிறது. உங்கள் பீட்டில் மற்றவர் தொந்தரவு இருக்காது, காவலாளியும் கண் வைத்திருப்பார். ஹிமாச்சலில் உரிமம் வாங்கிவிட்டால் எந்த மடுவிலும் நிற்கலாம், எவரும் உங்கள் பக்கத்தில் வந்து நிற்கலாம். ஒழுங்கு என்று பார்த்தால் காஷ்மீர் ஒரு படி மேல். செலவும் பல படி மேல்: விமானம், டாக்சி, வழிகாட்டி எல்லாம் சேரும். 2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு வீட்டில் சம்மதம் வாங்குவது தனிக் கதை. எந்த இடம் திறந்திருக்கிறது என்று கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். ராடை நாலு துண்டாகக் கழற்றி, முட்களையெல்லாம் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

"ஊட்டியிலேயே இருக்கே?"

இருக்கிறது. 1860களில் முயன்று தோற்று, 1907-இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகு நீலகிரி ஓடைகளில் ரெயின்போ நிலைத்தது. ஆனால் அந்த ஓடைகளில் பெரும்பகுதி இன்று காப்புக்காட்டிலும் முக்கூர்த்தி தேசியப் பூங்காவிலும் இருக்கிறது. டெல்லியிலிருந்து கோவைக்குப் பறந்து, மலையேறி, வனத்துறை வாசலில் நிற்பதற்கு பஞ்சார் பஸ் எவ்வளவோ மேல்.

ராடும் ஃப்ளையும்

மூன்று இடத்துக்கும் தனித்தனி ராட் வேண்டியதில்லை. ஐந்தாம் எண் (லைனின் எடையைக் குறிப்பது), ஒன்பது அடி, மிதக்கும் லைன். நம் ஊர்த் தூண்டிலில் ஈயம்தான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் லைனுக்கே எடை, ஃப்ளைக்கு எடையில்லை. அதனால்தான் ராட் எண்ணும் லைன் எண்ணும் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். தீர்த்தனுக்கு மட்டும் என்றால் நாலாம் எண்ணும், இன்னும் குட்டையான ராடும் கைக்கு அடக்கமாக இருக்கும். லித்தர் போன்ற அகன்ற ஆற்றில் காற்றடித்தால் அது திணறும்.

நீர்மேல் மிதக்கும் டிரை ஃப்ளையை மீன் வாய் பிளந்து எடுப்பதைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ட்ரவுட் பெரும்பாலும் தின்பது நீருக்கடியில். ஃபெசன்ட் டெயில், ஹேர்ஸ் இயர் நிம்ஃபுகள் (நீருக்குள் மூழ்கும் ஃப்ளைகள்) கொஞ்சம், மாலைக்கு எல்க் ஹேர் கேடிஸ் என்ற டிரை ஃப்ளை ஒன்றிரண்டு, இது போதும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை இடுக்கியால் நசுக்கிவிட்டால் விடும்போது மீனுக்குக் காயம் குறையும்.

எத்தனை மீன், எந்த அளவு எடுக்கலாம் என்பது உரிமத்திலேயே இருக்கும். என் வழக்கம், பிரவுனை ஈரக்கையால் பிடித்து விட்டுவிடுவது. சாப்பிட ஆசையென்றால் ஹிமாச்சலில் பண்ணை ரெயின்போ கிடைக்கும், மிளகும் உப்பும் தடவிக் கல்லில் போட்டால் பிரமாதம். புளி ஊற்றிக் குழம்பு மட்டும் வைத்துவிடாதீர்கள். அதற்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் வஞ்சிரம்தான் சரி.