பழைய டிஃபென்டரை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா? 300 டிடிஐ மாடல் குறித்து ஒரு மதிப்பீடு

1994-இல் அறிமுகமாகி, பெரும்பாலான சந்தைகளில் 1998-இல் அடுத்த எஞ்சினுக்கு வழிவிட்ட 300 டிடிஐ டீசல் எஞ்சின் கொண்ட லேண்ட் ரோவர் டிஃபென்டர், சேற்றிலும் பாறையிலும் எப்படி ஏறும் என்பதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் இங்கே எடுத்துக்கொண்டிருக்கும் கேள்வி வேறு. கால் நூற்றாண்டைத் தாண்டிவிட்ட இந்த வண்டியைச் சாதாரணக் கருவிப் பெட்டி ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டு முற்றத்திலேயே நல்ல நிலையில் வைத்திருக்க முடியுமா? முடியும் என்பதே என் உறுதியான எண்ணம். ஆனால் எதற்கு அஞ்ச வேண்டும், எதைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதில் பலரிடம் இருக்கும் கணக்கு தலைகீழாக இருக்கிறது. தரையில் இரண்டு சொட்டு எண்ணெயைக் கண்டு பதறுகிறவர்கள், துருவையும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் குறைவதையும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் இதன் பெரிய பலத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு சிலிண்டர்களும் 2,495 சிசி கொள்ளளவும் கொண்ட இந்த எஞ்சினின் டீசல் பம்ப் முழுக்க இயந்திர முறையில் இயங்குவது. ஒருமுறை உயிர்பெற்ற எஞ்சின் தொடர்ந்து ஓடுவதற்கு, டீசலைத் திறந்துவைக்கும் ஸாலினாய்டுக்குப் போகும் ஒரே ஒரு மின்கம்பி போதும். கோளாறைக் கண்டுபிடிக்க ஸ்கேனர் வேண்டாம். கண்ணும் காதும் கையும் போதும். பானட்டைத் திறந்தால் ஸ்பேனரைத் திருப்ப இடமும் இருக்கிறது.

எண்ணெய்க் கசிவைப் பொறுத்தவரை, இந்த வண்டியே நமக்கு ஒரு வசதியைச் செய்து வைத்திருக்கிறது. எஞ்சினின் முன்பக்கம், வால்வுகள் திறந்து மூடும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் டைமிங் பெல்ட்டின் உறை அடியிலும், பின்பக்கம் கிளட்சை ஒட்டியுள்ள ஃப்ளைவீல் உறையின் அடியிலும் சிறு துளைகள் உண்டு. ஆழமான நீரில் இறங்கும்போது மட்டும் அவற்றை வேடிங் பிளக் கொண்டு அடைக்க வேண்டும். மற்ற நாட்களில் திறந்தே இருக்க வேண்டும். பின்துளையில் எண்ணெய் சொட்டினால், கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீலோ கியர்பாக்ஸின் முன்பக்க சீலோ தேய்ந்திருக்கிறது என்று பொருள். கிளட்ச் வழுக்காத வரை அதற்கு அவசரமில்லை. கியர்பாக்ஸை இறக்கும் வேலை வரும்போது சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். முன்துளையின் கதை வேறு. அதற்குள் விரலை விட்டுத் தடவிப் பார்க்கும்போது கறுப்பு ரப்பர்த் துகள் பஞ்சுபோல ஒட்டிக்கொண்டு வந்தால், பெல்ட் நேர்கோட்டில் ஓடாமல் ஓரத்தில் அரைபட்டுக்கொண்டிருக்கிறது. தொடக்ககால 300 டிடிஐ எஞ்சின்களில் இது நன்கு அறியப்பட்ட குறை; திருத்தப்பட்ட புல்லிகள் அடங்கிய கிட் பின்னர் வந்தது. சாதாரணப் பயன்பாட்டில் 1,20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறையும், கடினமான பயன்பாட்டில் அதில் பாதித் தூரத்துக்கு ஒருமுறையும் பெல்ட்டை மாற்றச் சொல்கிறது சர்வீஸ் அட்டவணை. பழைய வண்டியை வாங்குகிறவர் முன்னவர் சொன்ன தேதியை நம்பாமல், முதல் வேலையாக இதை மாற்றிவிடுவது நல்லது. பெல்ட் அறுந்தால், வால்வுகளை இயக்கும் கம்பிகளான புஷ்ராடுகள் வளைவது நிச்சயம். அதோடு நின்றுவிட்டால் அது அதிர்ஷ்டம்.

கூலன்ட் குறைவதை ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. சிலிண்டர் ஹெட் அலுமினியக் கலவையால் ஆனது; ஒருமுறை கடுமையாகச் சூடேறினால் கோணிவிடும். எங்கும் ஒழுகுவது தெரியாமலே டேங்கில் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால், ‘P’ என்ற ஆங்கில எழுத்தின் வடிவில் இருப்பதால் அப்பெயர் பெற்ற ‘பி கேஸ்கெட்’ என்ற கசிவுத் தடுப்பு அட்டையின் பக்கம் முதலில் பாருங்கள். கேஸ்கெட் மலிவானதுதான், ஆனால் அதை அடைய வெளிப்பக்க ஆக்ஸிலரி பெல்ட், ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்ப் என வரிசையாகக் கழற்ற வேண்டியிருக்கும். அப்படிக் கழற்றும்போதே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ரேடியேட்டரின் மேல் உள்ள பிளாஸ்டிக் அடைப்பான்கள் வெப்பத்தில் நொறுங்கக்கூடியவை. அவற்றுக்குப் பதிலாகப் பித்தளையில் வாங்கிப் பூட்டுங்கள்.

வேகமாகப் போகும்போது ஒரு குழியில் விழுந்தவுடன் ஸ்டியரிங் கட்டுக்கடங்காமல் உதறும் பிரச்சினைக்கு, அதிர்வை அடக்கும் ஸ்டியரிங் டேம்பரை மாற்றுவதுதான் தீர்வு என்று பலரும் அறிவுரை சொல்கிறார்கள். இதை நான் முற்றிலும் மறுக்கிறேன். புதிய டேம்பர் உதறலை மறைக்குமே தவிர, காரணத்தைத் தீர்க்காது. முன் அச்சு பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் ராடின் புஷ்கள், இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டிராக் ராடின் முனைகள், வீல் பேரிங்குகள் ஆகியவற்றைச் சோதித்த பிறகு, முன்சக்கரம் இடமும் வலமும் திரும்பும் அச்சாணியான ஸ்விவல் பின்னின் இறுக்கத்தைப் பார்க்க வேண்டும். டிராக் ராடைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங் கையின் துளையில் சுருள்வில் தராசை மாட்டி இழுத்தால், எவ்வளவு விசையில் ஸ்விவல் திரும்புகிறது என்று தராசே காட்டிவிடும். தளர்ந்திருந்தால் மேல்பின்னின் அடியில் உள்ள ஷிம்களை (மெல்லிய தகடுகளை) குறைத்தால் போதும்.

எஞ்சின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஒரே ஒரு இடம் சந்தேகத்துக்குரியது. ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போதெல்லாம் ‘டக்’ என்று அடித்தால், உள்ளீட்டுக் கியரும் மெயின் ஷாஃப்டும் சேரும் பற்கள் எண்ணெய் எட்டாமல் தேய்ந்திருக்கலாம். பின்பக்க மூடியைக் கழற்றினால் அந்த இடத்தை நேரடியாகவே பார்க்க முடியும். குறுக்குத் துளையிட்ட புதிய கியருக்குள் எண்ணெய் செல்வதால் தேய்மானம் குறைகிறது. கியர்பாக்ஸை இறக்காமலே அதை மாற்றிவிடலாம்.

அடியில் படுத்து வேலை செய்கிறவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. இந்த வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால் உள்ள டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கியவுடன், கைப்பிரேக் இழுத்திருந்தாலும் வண்டி உருளக்கூடும். முன், பின் அச்சுகளைச் சேர்த்துப் பூட்டும் டிஃப் லாக்கைப் போட்டு, அது பிடித்துவிட்டதா என்று விளக்கைப் பார்த்து உறுதிசெய்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சேஸிக்கு அடியில் ஸ்டாண்டும் வைத்த பிறகே உள்ளே போங்கள். ஸ்பேனர்களிலும் கவனம் தேவை. பெரும்பாலானவை மில்லிமீட்டர் அளவு என்றாலும், அச்சுகளுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் புரப்பெல்லர் ஷாஃப்டின் நட்டுகள் 9/16 அங்குலம். 14 மில்லிமீட்டர் ஸ்பேனர் நுழையாது, 15 மில்லிமீட்டர் முனைகளை மழுக்கிவிடும்.

இவை அனைத்தையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது துருதான். வெளித்தகடுகள் அலுமினியம் என்பதால் வண்டி துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் சேஸி, எஞ்சினையும் உட்புறத்தையும் பிரிக்கும் பல்க்ஹெட், கதவுச் சட்டம் எல்லாமே எஃகு. அலுமினியமும் எஃகும் தொடும் இடத்தில் ஈரம் தங்கினால் அரிப்பு இன்னும் வேகமாகிறது. சேஸி பெட்டி வடிவில் இருப்பதால் உள்ளிருந்துதான் அரிக்கும். வெளியே பூசிய கறுப்பு வண்ணம் அதை மறைத்துவிடும். சிறு சுத்தியலால் பின்பக்கக் குறுக்குச் சட்டத்தையும், பக்கவாட்டில் நீளும் தாங்கிகளையும், கால் வைக்கும் இடத்தின் அடியையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான எஃகு கணீரென்று ஒலிக்கும். மங்கலாக ஒலிக்கும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடலாம். நன்றாக இருக்கும் சேஸிக்குள், அதன் துளைகள் வழியாக நீளக் குழாய் விட்டு மெழுகு தெளித்துவைப்பது வீட்டில் செய்யக்கூடிய வேலைகளிலேயே மிகவும் பலன் தருவது.

ஆகவே வாங்கப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை இது: எஞ்சின் எண்ணெயில் நனைந்திருந்தாலும் சேஸி திடமாக இருக்கும் வண்டியையே தேர்ந்தெடுங்கள். துத்தநாகம் பூசிய புதிய சேஸி விற்பனைக்குக் கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அதை மாற்ற எஞ்சின், அச்சுகள், பாடி என எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். அந்த ஒரு வேலையை மட்டும் வீட்டு முற்றத்தில் தொடங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.