கைமாறும் நிறுவனங்களைக் கணிக்கும் அறிக்கை: ஒரு சந்தாதாரரின் மதிப்பீடு

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம் வைத்துக்கொண்டு, தமிழிலேயே பங்குச் சந்தை அறிக்கை வெளியிடும் ஒரு சிறிய ஆய்வுச் சேவைக்குச் சந்தா கட்டிப் படித்து வருகிறேன். தொலைத்தொடர்பு வலையமைப்புக் கருவிகளைத் தயாரிக்கும் நிறுவனங்களுள் அடுத்து எது யார் கைக்குப் போகும் என்பதே இவர்களுடைய சிறப்புப் பொருள். புர்சா மலேசியா என்னும் உள்ளூர்ச் சந்தையின் பங்குகளைப் பற்றிப் பேசக் கோலாலம்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. நோக்கியா, சியனா, ஜூனிப்பர் போன்ற கருவித் தயாரிப்பாளர்கள் பற்றித் தமிழில் தொடர்ந்து எழுத இவர்களை விட்டால் எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. அதனாலேயே சற்றுக் கறாராக எடைபோடத் தோன்றுகிறது.

அறிக்கையின் வரலாற்றுப் பகுதி உண்மையிலேயே தரமானது. இத்தொழிலில் வாங்குவோர் ஒரு சில பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களே. அவர்கள் கருவி வாங்குவதைத் தள்ளிப்போட்டால், ஆய்வுக்கே பெரும்பணம் கொட்டும் தயாரிப்பாளர்கள் மூச்சுத் திணறி ஒன்றோடொன்று இணைகிறார்கள். 2006-இல் அல்காடெலும் லூசென்டும் இணைந்ததையும், அந்தக் கூட்டு நிறுவனத்தையே 1,560 கோடி யூரோ மதிப்பில் வாங்கப்போவதாக 2015-இல் நோக்கியா அறிவித்ததையும் இந்தக் கோணத்தில் விளக்கியிருக்கிறார்கள். நார்டெல் பற்றிய பக்கம் அதைவிடச் சிறப்பு. 2009-இல் திவாலான அந்த நிறுவனம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அதன் காப்புரிமைகள் மட்டுமே 2011-இல் 450 கோடி டாலருக்குப் போயின. ஆனாலும் கடன்காரர்கள் வரிசையில் முன்னே நின்றதால் சாதாரணப் பங்குதாரர்களுக்கு ஒரு காசும் மிஞ்சவில்லை. நிறுவனத்தை யாராவது வாங்கினால் பங்குதாரருக்கு லாபம் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவோர் இந்தப் பக்கத்தைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

கணிப்புப் பகுதிக்கு வந்தால் நிதானம் காணாமற்போகிறது. ஒவ்வொரு நிறுவனத்தின் பெயருக்கு எதிரிலும் ‘கைமாறும் வாய்ப்பு: உயர்வு’ என்று பச்சைக் கட்டம் ஒன்றும், அருகில் இலக்கு விலையும் இருக்கின்றன. பச்சையைக் கண்டதும் விரல் வாங்கும் பொத்தானுக்குப் போய்விடுகிற பலவீனம் நம்மில் பலருக்கு உண்டு; அதை இவர்களும் அறிவார்கள் போலும். கட்டத்துக்கு ஆதாரம் ஊடகச் செய்தியா, உறுதி செய்யப்பட்ட பேச்சுவார்த்தையா, கையெழுத்தான ஒப்பந்தமா என்று எங்கும் பிரித்துக் காட்டப்படவில்லை. சந்தாதாரர்களுக்குத் திறந்திருக்கும் பழைய இதழ்களில் ஜூனிப்பர் பற்றிய கட்டுரையைப் பாருங்கள். 2017 நவம்பரில் நோக்கியா அதைச் சுமார் 1,600 கோடி டாலருக்கு வாங்க முனைந்ததாக நடந்த நிகழ்ச்சி போலவே எழுதியிருக்கிறார்கள். அப்படியொரு செய்தி வெளியானதும் பங்கு விலை ஏறியதும் உண்மை. நோக்கியா உடனடியாக அதை மறுத்ததும் உண்மை. மறுப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஜனவரியில், ஹெவ்லெட் பேக்கார்ட் எண்டர்பிரைஸ் வாங்க முன்வந்தபோது பேசப்பட்ட தொகை சுமார் 1,400 கோடி டாலர்தான்.

அந்த ஒப்பந்தத்தின் விலை பங்குக்கு 40 டாலர். அறிவித்த பிறகும் சந்தை விலை அதற்குக் கீழேயே நின்றது. அந்த இடைவெளிதான், அரசுகளின் ஒப்புதல் கிடைக்குமா, எத்தனை நாள் ஆகும் என்ற சந்தேகத்துக்குச் சந்தை போடும் கூலி. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசின் நீதித்துறை அந்த ஒப்பந்தத்தைத் தடுக்க வழக்குத் தொடுத்ததும் விலை சரிந்து இடைவெளி அகன்றது. ஜூனில் சமரசம் ஏற்பட்டு, ஜூலை 2-ஆம் தேதிதான் கைமாற்றம் முடிந்தது. நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளருக்கு இலக்கு விலையைவிட இந்த இடைவெளியே பயனுள்ள எண். அறிக்கையில் அதற்கென்று ஒரு பத்திகூடக் கிடையாது. தாமதம் எப்போதும் நட்டம் என்றும் இல்லை: ஒளியிழைத் தொடர்புக் கருவி செய்யும் அகேசியாவைப் பங்குக்கு 70 டாலர் கொடுத்து வாங்க 2019-இல் சிஸ்கோ ஒப்பந்தம் போட்டது, சீன ஒப்புதல் இழுபறியாகி 2021 ஜனவரியில் அகேசியா விலகப் பார்த்தபோது, விலை 115 டாலராக உயர்த்தப்பட்டது. இதையும் சேர்த்திருந்தால் கணிப்புப் பகுதிக்கு ஒரு கனம் வந்திருக்கும்.

மற்றவை குறையில்லை. உரிம எண்ணை முதல் பக்கத்திலேயே அச்சிடுகிறார்கள்; பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் தளத்தில் சரிபார்த்தேன், சரியாகவே இருந்தது. அமெரிக்கச் சந்தை அடைத்த பிறகு சனிக்கிழமை காலையில் அறிக்கை வருவதால் ஆற அமரப் படிக்கலாம். நடுநிசியில் வரும் அவசரக் குறுஞ்செய்திகளை மட்டும் நிறுத்திவைத்துவிடுங்கள். பெரும்பாலும் அவை ஏற்கெனவே விலையில் ஏறிவிட்ட வதந்திகள். மாதச் சந்தா 60 வெள்ளி (ரிங்கிட்). அரையாண்டுக்குக் கட்டினால் ஒரு மாதம் இலவசம் என்கிறார்கள்; ஆனால் இடையில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்பதால், இடைவெளிப் பத்தியைச் சேர்க்கும்வரை மாதக் கணக்கில் கட்டுவதே நல்லது.