பழைய இன்ஜெக்‌ஷன் கார்ல மிக்சர் அட்ஜஸ்ட்: பைபாஸ் ஸ்க்ரூவா, ஸ்பிரிங்கா, பிரஷர் ரெகுலேட்டரா?

கார்புரேட்டர் வண்டின்னா ஒரு திருப்புளி போதும், மிக்சர் (காத்து-பெட்ரோல் கலவை) ஸ்க்ரூவ அரை சுத்து அப்படி இப்படி திருப்பி எஞ்சின் சத்தத்த வச்சே செட் பண்ணிடலாம். 80கள்ல வந்த இன்ஜெக்‌ஷன் வண்டில அப்படி ஒரே ஸ்க்ரூ கிடையாது, ஆனா கை வைக்கிறதுக்கு நாலு இடம் இருக்கு, தொல்லையே அங்கதான். நாலுமே பெட்ரோல் அளவ மாத்தும், ஆனா ஒண்ணு ஐடில்ல (ஆக்சலேட்டர் தொடாம எஞ்சின் சும்மா ஓடும்போது) மட்டும் வேல செய்யும், இன்னொண்ணு எல்லா ஆர்பிஎம்லயும் கை வைக்கும், இது தெரியாம திருகினா ஐடில் பூனை மாதிரி இருக்கும், மேடு ஏறும்போது மூச்சு வாங்கும்.

நான் பேசப்போறது முக்கியமா கதவு மாதிரி ஒரு ஃப்ளாப் வச்ச ஏர் ஃப்ளோ மீட்டர் இருக்கிற சிஸ்டம் பத்தி, அதாவது பாஷ் கம்பெனியோட எல்-ஜெட்ரானிக், 1974ல வந்தது, அப்புறம் அதே பாணில வந்த மத்ததெல்லாம். காத்து உள்ள போறப்ப ஃப்ளாப்ப தள்ளும், எவ்வளவு தள்ளுச்சுன்னு ஈசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பார்க்கும், அதுக்கேத்த மாதிரி இன்ஜெக்டர (பெட்ரோல் தெளிக்கிற வால்வ) திறந்து வைக்கும், அவ்வளவுதான்.

எதையும் தொடுறதுக்கு முன்னாடி சைலன்சர் பைப்ல ஆக்சிஜன் சென்சார் இருக்கான்னு பாருங்க. இருந்தா நீங்க ஐடில்லயும் சீரான ஓட்டத்துலயும் பண்ற மாத்தத்த ஈசியு தன்னோட எல்லைக்குள்ள திரும்ப 14.7க்கு இழுத்துட்டு வந்துடும் (1 பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, எடைக் கணக்குல). ஃபுல் ஆக்சலேட்டர்ல மட்டும் அது சென்சார கண்டுக்காது, அங்க உங்க மாத்தம் அப்படியே நிக்கும். சென்சார் இல்லாத வண்டின்னா நீங்க வச்சதுதான் சட்டம்.

பைபாஸ் ஸ்க்ரூ

ஏர் ஃப்ளோ மீட்டர் பாடிலயே ஒரு ஓரத்துல, பெரும்பாலும் ஒரு மூடிக்கு அடியில ஒளிஞ்சிருக்கும், ஆலன் கீ போட்டு திருப்பணும். ஃப்ளாப்ப தொடாம பக்கத்துல ஒரு சின்ன வழியா கொஞ்சம் காத்து போகும், அந்த வழிய இந்த ஸ்க்ரூ அடைக்கும். அடைச்சா எல்லா காத்தும் ஃப்ளாப் வழியா போகணும், ஈசியு அதிக காத்துன்னு நினைச்சு பெட்ரோல் கூட்டும், அதனால ரிச் (பெட்ரோல் அதிகம்). வெளிய எடுத்தா லீன் (பெட்ரோல் கம்மி). ஐடில்ல போற காத்தே கம்மிங்கிறதால இந்த சின்ன வழி அங்க பெரிய விஷயம், 3000 ஆர்பிஎம்ல அது கடல்ல கரைச்ச பெருங்காயம்.

நெறைய பேர் இதையும் த்ராட்டில் பாடில (ஆக்சலேட்டர் மிதிச்சா காத்து வழிய திறக்கிற பாகம்) இருக்கிற ஐடில் ஸ்பீடு ஸ்க்ரூவையும் போட்டு குழப்பிக்கிறாங்க. அது வழியா போற காத்து ஏற்கனவே மீட்டர்ல அளந்த காத்து, அதனால அது ஆர்பிஎம்ம மட்டும் ஏத்தி இறக்கும், மிக்சர பெருசா தொடாது. ஒண்ண திருப்பினா இன்னொண்ணையும் லேசா சரி பண்ண வேண்டியிருக்கும், ரெண்டு மூணு ரவுண்டு போகும், பொறுமை வேணும்.

ஸ்பிரிங்

மீட்டர் மேல கருப்பு பிளாஸ்டிக் மூடி, சிலிக்கான் போட்டு ஒட்டியிருக்கும், பிளேடால மெதுவா அறுத்தா வந்துடும். உள்ள ஒரு பல்சக்கரம், அதுல சுருள் ஸ்பிரிங். டைட் பண்ணினா ஃப்ளாப் கம்மியா திறக்கும், லீன். லூஸ் பண்ணினா அதே காத்துக்கு அதிகமா திறக்கும், ரிச். இது ஐடில்ல இருந்து மேல வரைக்கும் மொத்தத்தையும் நகர்த்தும், அதனால இத தொட்டா பைபாஸ் ஸ்க்ரூவ மறுபடி செட் பண்ணாம விடக்கூடாது. முதல் வேலையா எந்தப் பல்லு எங்க இருந்துச்சுன்னு பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வைங்க, ஒவ்வொரு பல்லா நகர்த்துங்க, நகர்த்தினதும் ஓட்டிப் பாருங்க.

நான் ஒரு தடவ ஆக்சலேட்டர் குடுத்தா திணறுதுன்னு அஞ்சு பல்லு லூஸ் பண்ணி வச்சேன். திணறல் குறைஞ்ச மாதிரிதான் இருந்துச்சு, ஆனா ப்ளக் கரி பூசின மாதிரி ஆயிடுச்சு. கடைசில பார்த்தா மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவுல இருக்கிற ரப்பர் ஹோஸ்ல மடிப்புக்குள்ள வெடிப்பு, ஐடில்ல மூடிக்கிட்டே இருக்கும், எஞ்சின் முறுக்கும்போது மட்டும் வாய திறக்கும். அளக்காத காத்து உள்ள போனா லீன்தானே ஆகும். ஹோஸ் மாத்திட்டு அஞ்சு பல்லையும் திரும்ப கோட்டுக்கே கொண்டு வந்தேன். இந்த சிஸ்டத்துல ஆயில் ஊத்துற மூடி லூசா இருந்தாக்கூட மிக்சர் கெடும். எஞ்சின் ஓடும்போது அந்த மூடிய கழட்டிப் பாருங்க, பல வண்டிகள்ல ஐடில் தடுமாறும், தடுமாறாம அப்படியே ஓடுச்சுன்னா வேற எங்கயோ ஏற்கனவே காத்து இழுக்குதான்னு சந்தேகப்படணும்.

பிரஷர் ரெகுலேட்டர்

இன்ஜெக்டருக்குப் போற பெட்ரோல் பிரஷர கட்டுப்படுத்துறது இது. அட்ஜஸ்ட் பண்ற மாதிரி ரெகுலேட்டர் வாங்கி மாட்டுறது பார்க்க கம்பீரமா இருக்கும், கேஜ் வேற வச்சிருக்கும். ஆனா கணக்கு பாருங்க: பிரஷர் 2.5 பார்ல இருந்து 3 பார் ஆச்சுன்னா 20 சதவீதம் கூடுச்சு, பெட்ரோல் கூடுறது சுமார் 9.5 சதவீதம்தான், ஏன்னா அது வர்க்கமூலக் கணக்கு. அதுவும் ஐடில், சிட்டி ஓட்டம், ஃபுல் லோடுன்னு எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட அதே விகிதத்துல கூடும். எஞ்சின் வேலை பார்த்து, கேம் (வால்வ திறக்கிற தண்டு) மாத்தி, மேல பெட்ரோல் பத்தலன்னா இது சரியான ஆயுதம். ஸ்டாக் எஞ்சினுக்கு இது தேவையில்லாத வேலைங்கிறது என் கட்சி. இருக்கிற பழைய ரெகுலேட்டரோட வேக்கம் ஹோஸ கழட்டி உள்ள பெட்ரோல் வாசனையோ ஈரமோ இருக்கான்னு பார்த்தாலே போதும், இருந்தா டயாஃப்ரம் (உள்ள இருக்கிற சவ்வு) கிழிஞ்சு பெட்ரோல நேரா இன்டேக்ல ஊத்துதுன்னு அர்த்தம், ரிச் புகைக்கு காரணம் அதுவாவே இருக்கலாம்.

டெம்பரேச்சர் சென்சார்ல ரெசிஸ்டர்

எஞ்சின் சூட்ட ஈசியுக்கு சொல்ற கூலன்ட் சென்சார் 20 டிகிரில ரெண்டரை கிலோ ஓம் பக்கம், 80 டிகிரில 300 ஓம் பக்கம் காட்டும். சீரியஸ்ல ஒரு ரெசிஸ்டர் போட்டா ஈசியு எஞ்சின் இன்னும் சூடாகலன்னு நம்பி பெட்ரோல் கூட்டும். சல்லிசு, சுலபம், திரும்ப எடுத்துடலாம், எல்லாம் சரி, ஆனா ரிச் மட்டும்தான் பண்ணலாம், லீன் பண்ண முடியாது, அடுத்து வண்டி வாங்குறவன் அந்த ரெசிஸ்டர தேடி கண்டுபிடிக்கிறதுக்குள்ள உங்கள திட்டித் தீர்த்துடுவான். எனக்கு பிடிக்காது.

எப்படி அளக்கிறது

ப்ளக் கலர் பார்க்கிறது நல்ல பழக்கம், ஆனா அது பல நிலைகள கலந்து ஒரே கலரா காட்டும். பழைய ஒரு வயர் ஆக்சிஜன் சென்சார்ல மீட்டர் வச்சா 0.1ல இருந்து 0.9 வோல்ட் வரைக்கும் குதிக்கும், ரிச்சா லீனா அவ்வளவுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது. புகைல சிஓ (கார்பன் மோனாக்சைடு) பாக்கிற கேஸ் அனலைசர் ஐடிலுக்கு அருமை, மேனுவல்ல குடுத்த நம்பருக்கே செட் பண்ணலாம், ஆனா ரோட்டுல கூட வராது. ஓட்டும்போது பார்க்க வைட்பேண்ட் கேஜ்தான் (காத்து-பெட்ரோல் விகிதத்த நம்பராவே காட்டும்), சீரான ஓட்டத்துல 14.7 பக்கம், ஃபுல் ஆக்சலேட்டர்ல 12.5ல இருந்து 13 வரைக்கும் வந்தா நான் ஸ்பிரிங்க தொடவே மாட்டேன். ஒரே ஒரு பொறி: ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனா எரியாத ஆக்சிஜன் வெளிய வரும், கேஜ் லீன்னு காட்டும், நீங்க பெட்ரோல கூட்டுவீங்க, இன்னும் மிஸ்ஸாகும்.

அதனால என் வரிசை: லீக், இக்னிஷன் டைமிங், வால்வ் கிளியரன்ஸ் எல்லாம் பார்த்துட்டு, ஐடிலுக்கு பைபாஸ் ஸ்க்ரூ, ரோட்டுல சரியில்லன்னு கேஜ் சொன்னா மட்டும் ஸ்பிரிங். மத்த ரெண்டும் என் டூல் பாக்ஸ்ல இல்ல.

கே-ஜெட்ரானிக் (பாஷோட மெக்கானிக்கல் சிஸ்டம்) வண்டி வச்சிருக்கவங்களுக்கு மேல சொன்ன மீட்டர் வேலை எதுவும் பொருந்தாது. அங்க மிக்சர் ஸ்க்ரூவுக்கு 3 மில்லிமீட்டர் சைஸ்ல நீளமான ஆலன் கீதான், வலது பக்கம் திருப்பினா ரிச், கால் சுத்து கூட வேணாம், மயிரிழை போதும். கீய உள்ள விட்டு அழுத்தினாலே காத்து அளக்கிற தட்டோட லீவர் அசைஞ்சு ரீடிங் மாறும், அதனால திருப்பி, கீய வெளிய எடுத்து, ஓட்டைய மூடி, ஒரு தடவ லேசா ஆக்சலேட்டர் குடுத்துட்டு அப்புறம் பாருங்க. கீ உள்ள இருக்கும்போது மட்டும் ஆக்சலேட்டர் குடுத்துடாதீங்க, லீவர் நகர்ந்து கீ மாட்டி வளைஞ்சுடும்.