முழு ஃபைலா, ஒற்றைத் தாளா?

எல்.கே.ஜி. சேர்க்கைப் படிவத்தில் ‘உடல்நலக் குறிப்பு’ என்று இரண்டு வரி இடம் இருந்தது. பேச்சு தாமதமான மகனுக்காகக் கோபியிலிருந்து கோவைக்கு இரண்டு வருடம் பஸ்ஸில் சுமந்த மருத்துவ ஃபைல் என் மடியில். அதில் எவ்வளவைப் பள்ளிக்குச் சொல்வது? அவன் என் முந்தானையை இழுத்து “தா” என்றான். அவனுக்கு அது தண்ணீர்.

எதுவும் சொல்லாமல் சேர்த்துவிடலாம் என்பது அவனுடைய அம்மிச்சியின், அதாவது என் அம்மாவின், கட்சி. “உன் தம்பியும் நாலு வயதில்தான் பேசினான், விடு கண்ணு” என்றார். ஊரில் ஒரு பேர் ஒட்டிக்கொள்ளுமே என்ற பயம்; அந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருகைப் பதிவில் பேர் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால், விவரம் தெரியாத ஆசிரியை அதைப் பிடிவாதம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

முழு ஃபைலையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதே நேர்மை என்று நினைத்திருந்தேன், முந்தின இரவு தாள்களைப் புரட்டும் வரை. பிரசவ டிஸ்சார்ஜ் சம்மரியில் என் தைராய்டு மாத்திரையும் அதற்கு முன் கலைந்த கருவும் இருந்தன. அவனுக்கு இரண்டு வயதில் பார்த்த மருத்துவர் ‘ஆட்டிசம்’ என்று எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருந்தார். எட்டு மாதம் கழித்து, அது இல்லை என்று இன்னொருவர் எழுதிய தாள் பதினான்கு பக்கம் தள்ளிக் கிடந்தது. பள்ளி அலுவலகத்தில் அவ்வளவு தூரம் யார் புரட்டுவார்கள்? முதலில் கண்ணில் பட்டதே மனதில் நிற்கும்.

ஆசிரியையிடம் வாயால் சொல்வதும் நல்லதுதான். அவர் மாறிவிட்டால் சொன்னதும் அவரோடு போய்விடும்.

பேச்சுப் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு தாள் எழுதி வாங்கினோம். என் ஓட்டு இதற்குத்தான். அதில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சொல்வதெல்லாம் அவனுக்குப் புரியும். பதிலுக்குப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். ‘தா’ என்றால் தண்ணீர். மேடையேற்றி ஒப்பிக்கச் சொல்ல வேண்டாம். காதுப் பரிசோதனை முடிவை மட்டும் கண்டிப்பாகச் சேர்க்கச் சொன்னேன். சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் கேட்பது மங்கும். அந்த நாட்களில் அவனுக்கு முன்வரிசை வேண்டும்.

வலிப்போ ஒவ்வாமையோ உள்ள குழந்தையென்றால் அதை மறைக்கவே கூடாது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. அதன்படி சலுகை கேட்பவர்களுக்கு அரசுச் சான்றிதழ் தேவைப்படும். அப்போதும் கொடுக்க வேண்டியது சான்றிதழைத்தான், ஃபைலை அல்ல. அங்கன்வாடிக் குழந்தைகளை 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு நேரில் வந்து பார்க்கிறது. அவர்கள் எழுதும் பரிந்துரைச் சீட்டில் ஒரு பிரதியைப் பெற்றோர் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

எங்கள் தாளின் மேல் தேதி போடச் சொன்னேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிதாக எழுதி, பழையதைத் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஜனவரித் தாளில் ‘தா’ வரி இல்லை. “தண்ணி” என்று முழுதாகக் கேட்கிறான்.