‘வயர்லெஸ்னா அப்படித்தான் சார்’: 3,800 ரூபாய்க்கு நான் வாங்கிய போலி கேமிங் மவுஸ்

பாதித் தப்பு என் மேல்தான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பெட்டியில் 8,995 ரூபாய் என்று அச்சடித்திருக்கும் வயர்லெஸ் கேமிங் மவுஸை ஒருவர் 3,800-க்கு நீட்டினால், வாங்காமல் திரும்பி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. மாதக் கடைசி. கையில் இருந்தது நாலாயிரத்துச் சொச்சம், ஆசை மட்டும் ஒன்பதாயிரத்துக்கு.

பாப்பா தூங்கியபிறகு, இரவு பத்து மணிக்கு மேல் ஒரு மணி நேரம் வேலரன்ட் என்ற துப்பாக்கிச் சூட்டு கம்ப்யூட்டர் கேம் ஆடுவேன். அது ஒன்றுதான் எனக்கிருக்கும் கெட்ட பழக்கம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். பழைய மவுஸ் வயர் வைத்தது. நான் சென்சிட்டிவிட்டியை (மவுஸ் நகர்ந்தால் திரையில் குறி எவ்வளவு நகரும் என்ற அளவை) குறைத்து வைத்து, கையை முழுசாக வீசி ஆடுகிற ஆள். வீசும்போதெல்லாம் வயர் மானிட்டர் காலில் போய்ச் சிக்கும், குறி விலகும். வயரை மேசையோடு சேர்த்து செலோடேப் போட்டு ஒட்டிக்கூடப் பார்த்தேன். கோடைக்காலத்தில் டேப் இளகி, மேசையெல்லாம் பிசுபிசுத்ததுதான் மிச்சம். அப்புறம்தான் வயர்லெஸ் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

நங்கநல்லூரில் மெட்ரோ ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்துவிடலாம். அந்தத் தெருவில் பல வருஷமாக ராம், ஹார்டு டிஸ்க், கீபோர்டு என்று வாங்கி வருகிறேன். நேர்மையான கடைகள் அங்கே எத்தனையோ உண்டு, அதனால் தெருவைக் குறை சொல்ல மாட்டேன். இது மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஒரு சின்னக் கடை. பெயர் வேண்டாம்.

"ஒரிஜினல் பீஸ்தான் சார். இம்போர்ட்டர் வாரண்டி ஆறு மாசம். பில் போட்டா 4,500, பில் இல்லாம 3,800" என்றார். பில் வேண்டாம் என்று சொன்னது நான்தான். விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தேதி எழுதி, ஒரு சுழி கையெழுத்து போட்டுக் கொடுத்தார். அதுதான் வாரண்டி. யூபிஐயில் பணம் போட்டபோது திரையில் வந்தது கடைப் பெயர் இல்லை, யாரோ ஒருவருடைய பெயர். அதையும் பார்த்தேன், பார்த்துவிட்டு அழுத்தினேன்.

முதல் நாலைந்து நாள் சொர்க்கம். வயர் இல்லாமல் ஆடுவது எவ்வளவு சுகம் என்று வயரோடு இழுபட்டவர்களுக்குத்தான் தெரியும். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக ஆரம்பித்தது.

முதலில் திக்கல். எதிராளி மேல் குறி வைத்து நகர்த்தும்போது அந்தக் குறி அரை நொடி நின்று, பிறகு தாவும். கடைக்குப் போன் போட்டேன். "வயர்லெஸ்னா அப்படித்தான் சார். காத்துல வர்ற சிக்னல் இல்லையா" என்றார். அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனால்தான் நம்பினேன். இந்த மவுஸ்கள் 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுபவை. வீட்டு வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. போதாக்குறைக்கு, யூஎஸ்பி 3.0 போர்ட்டுகளிலிருந்து கிளம்பும் இரைச்சலும் அதே அலைவரிசையில் விழும். கம்ப்யூட்டரின் பின்பக்கம், மேசைக்கு அடியில், இரும்பு கேபினெட்டை ஒட்டி டாங்கிளை, அதாவது மவுஸின் சிக்னலை வாங்கும் குட்டி யூஎஸ்பி துண்டை, செருகியிருந்தால் நல்ல மவுஸே திக்கும். அதனால் நீட்டிப்பு வயர் வாங்கி டாங்கிளை மவுஸ் பேடுக்குப் பக்கத்திலேயே, ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைத்தேன். வைஃபையை 5 கிகா ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். திக்கல் போகவில்லை.

அடுத்தது பேட்டரி. பெட்டியில் 70 மணி நேரம் என்று போட்டிருந்தது. எனக்கு இரண்டு ராத்திரி தாங்கவில்லை. மறுபடி போன். "லைட் எரியுது இல்லையா சார், வயர்லெஸ்னா சார்ஜ் குடிக்கத்தான் செய்யும்." இதிலும் பாதி உண்மை. பல வண்ண விளக்கு பேட்டரியைத் தின்னும் என்பது சரிதான். விளக்கை அணைத்தேன். இரண்டு ராத்திரி, மூன்றாம் நாள் காலைவரை நீண்டது, அவ்வளவே.

சரி, சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடலாம் என்று வயரைச் செருகினேன். சார்ஜ் ஏறியது, ஆனால் டாங்கிளைக் கழற்றினால் மவுஸ் செத்துவிட்டது. விலையுயர்ந்த கேமிங் மவுஸ் என்றால் வயரைச் செருகியதும் வயர் மவுஸாகவே வேலை செய்யும். இதன் வயரில் கரன்ட் மட்டும்தான் போனது. என் செல்போன் சார்ஜரில் இருக்கும் இரண்டு பக்கமும் சி வகை வயரைச் செருகினால் அதுவும் ஏறவில்லை, பழைய அகல யூஎஸ்பி வயரில் மட்டும்தான் ஏறியது. அதற்குக் காரணம் பின்னால் தெரிந்தது. சி வகை சாக்கெட்டில் 5.1 கிலோ ஓம் அளவில் இரண்டு சின்ன மின்தடைகள் வைத்தால்தான் சார்ஜர் அந்தப் பொருளை அடையாளம் கண்டு கரன்ட் கொடுக்கும். அதையே மிச்சம் பிடித்திருக்கிறார்கள். சில பைசா சமாசாரம்.

இத்தனைக்கும் நான் சந்தேகப்பட்டது வயர்லெஸ்ஸைத்தான், மவுஸை இல்லை. எந்தக் கோளாறைச் சொன்னாலும் "வயர்லெஸ்னா அப்படித்தான்" என்ற ஒரே பதிலுக்குள் அடைத்துவிடலாம் என்பது அந்தக் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கிறது. வயர் மவுஸ் திக்கினால் மவுஸ் மட்டம் என்று உடனே சொல்லிவிடுவோம். வயர்லெஸ் என்றால் காற்றைத் திட்டுவோம். வேறு பொருளாக இருந்திருந்தால் இரண்டாம் நாளே கடை வாசலில் நின்றிருப்பேன்.

குட்டை உடைத்தது அக்கா பையன். இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம், லீவுக்கு வந்திருந்தான். மவுஸைக் கையில் எடுத்த உடனே முகம் சுளித்தான். "மாமா, இது ரொம்ப கனமா இருக்கே. அத்தை, சமையல்கட்டுல தராசு இருக்கா?" கேக் செய்ய வாங்கிய சின்ன டிஜிட்டல் தராசில் வைத்தோம். 94 கிராம். பெட்டியில் 63 கிராம் என்று இருக்கிறது. கேமிங் மவுஸில் கம்பெனிகள் கிராம் கிராமாகக் குறைத்துப் போட்டி போடும் காலத்தில், 31 கிராம் எங்கிருந்து வந்தது?

அப்புறம் அவன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். மவுஸை வட்ட வட்டமாக அசைத்தால் நொடிக்கு எத்தனை முறை தகவல் அனுப்புகிறது என்று காட்டும் இணையதளங்கள் இருக்கின்றன. பெட்டியில் 1000 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு மில்லி செகண்டுக்கு ஒரு முறை. திரையில் வந்தது 125-ஐத் தாண்டவில்லை, எட்டு மில்லி செகண்டுக்கு ஒரு முறை. ஆபீசில் கணக்குப் போட வைத்திருக்கும் சாதாரண மவுஸின் வேகம் அது. நல்ல கேமிங் வயர்லெஸ் மவுஸ்கள் வயருக்குச் சமமாக வந்து பல வருஷம் ஆகிறது, போட்டிகளில் காசுக்கு ஆடுபவர்களே அதை வைத்துத்தான் ஆடுகிறார்கள் என்று அவன் சொன்னபோது எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

26,000 டிபிஐ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. மவுஸ் ஒரு அங்குலம் நகர்ந்தால் சென்சார் எத்தனை புள்ளி எடுக்கும் என்ற கணக்கு அது. உண்மையில் பெரும்பாலோர் ஆடுவது 400-க்கும் 1600-க்கும் நடுவில்தான், நான் 800. அதனால் அந்த எண்ணைப் பார்த்து வாங்குவதே வீண். ஆனால் இதில் கையை வேகமாக ஒரு வீசு வீசினால் பார்வை நேராக வானத்துக்குப் போய்விடும். வேகத்தைத் தொடர முடியாத மட்டமான சென்சாருக்கு அதுதான் அடையாளம். மலிவு சென்சார் எடுக்கும் அளவைப் பெருக்கிக் காட்டி, பெரிய எண்ணைப் பெட்டியில் போட்டுவிடுவார்களாம்.

கடைசியாக, கம்ப்யூட்டரில் செருகிய பொருள்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து காட்டினான். யூஎஸ்பியில் செருகும் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் அதைச் செய்த நிறுவனத்துக்கென்று ஒதுக்கப்பட்ட ஒரு எண் இருக்கும். பண்புகளில் போய், ஹார்டுவேர் ஐடி என்ற இடத்தில் பார்க்கலாம். எங்கள் டாங்கிளில் இருந்த எண் அந்த பிராண்டுடையதே இல்லை. தேர்ந்த போலிக்காரர்கள் இந்த எண்ணையும் மாற்றுவார்களாம், அதனால் எண் சரியாக இருந்தால் அசல் என்று நம்பிவிட முடியாது. எங்கள் ஆள் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. நிறுவனத்தின் சாஃப்ட்வேர் மவுஸைக் கண்டுகொள்ளவே இல்லை, சீரியல் எண்ணைப் போட்டால் அப்படியொன்று இல்லை என்றது. பெட்டியில் இறக்குமதியாளர் பெயரும் முகவரியும் இல்லை. வெளிநாட்டுப் பொருளை இங்கே பெட்டியில் விற்க அது கட்டாயம். வாங்கும்போதே திருப்பிப் பார்த்திருந்தால் பத்து நொடியில் முடிந்திருக்கும்.

மறுநாளே கடைக்குப் போனேன். முதலில் "சீல் உடைச்சாச்சே சார்". அப்புறம் "இது எங்க கடைப் பீஸான்னு எப்படித் தெரியும்?" அப்புறம், பக்கத்தில் வேறு ஆட்கள் நின்றதால், "தம்பி, இருங்க, வேற மாடல் மாத்தித் தர்றேன்". நீட்டியது அதே பெட்டி, வேறு நிறம். வாங்காமல் வந்துவிட்டேன்.

இந்த இடத்தில் சட்டம் தெரிந்திருந்தது உதவியது. தெரிந்திருந்தது என்ன, அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, பில் கொடுக்காமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அப்படியே. பில்லில் காலக்கெடு போடாவிட்டால் முப்பது நாள் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நான் போனது இருபத்துமூன்றாம் நாள். கடை எங்கே இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் போடலாம். ஐந்து லட்சம் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. பில் இல்லை என்றதும் நம் வழக்கு செத்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், கடைக்காரரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

1915-க்குப் போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் பதிவு செய்தேன். எண் கொடுத்தார்கள். அங்கிருந்து கடைக்குப் பேசினார்களா, எனக்குத் தெரியாது. நான் தனியாக ஒரு கடிதம் எழுதினேன். வாங்கிய தேதி, யூபிஐ பரிவர்த்தனை எண், பணம் போன பெயர், விசிட்டிங் கார்டின் நகல், தராசுப் படம், பதினைந்து நாளில் பணம் வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன் என்று ஒரு வரி. ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். "3,800 ரூபாய்க்கு இவ்வளவா? அந்த நேரத்துக்குத் தூங்கியிருக்கலாம்" என்றாள் மனைவி. நியாயம்தான். ஆனால் எரிச்சல் பணத்துக்காக இல்லை, ஒவ்வொரு போனிலும் என்னை முட்டாளாக்கியதற்காக.

எட்டாம் நாள் கடைக்காரரே கூப்பிட்டார். குரல் வேறு மாதிரி இருந்தது. பேரம் பேசி 3,000 யூபிஐயில் வந்தது. மீதி 800-க்காக ஆணையத்தின் படியேறத் தெம்பு இல்லை, விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது என்று சிலர் சொல்வீர்கள். இருக்கலாம்.

வயர்லெஸ் மேல் எனக்கு வெறுப்பு வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ஜிஎஸ்டி பில்லோடு 5,600-க்கு வேறொன்று வாங்கினேன். அசலுக்கும் தொல்லை உண்டு. ஞாயிறு ராத்திரி சார்ஜ் போட மறந்தால் ஆட்டத்தின் நடுவில் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். டாங்கிள் சுண்டுவிரல் நகம் அளவு, தொலைந்தால் வேறு கம்பெனி டாங்கிள் ஒத்துவராது. பேட்டரி உள்ளேயே மூடி வைத்திருக்கிறார்கள், சில வருஷத்தில் அது தளர்ந்தால் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். வயர் மவுஸுக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை, விலையும் பாதி. ஆனால் கையை வீசும்போது எதுவும் பின்னால் இழுப்பதில்லை. எனக்கு அது போதும்.

போலியைப் பணம் வந்தபிறகுதான் பிரித்தோம். அதற்கு முன்னால் தொட்டிருந்தால் "நீங்களே உடைச்சிட்டீங்க" என்றிருப்பார். உள்ளே இரண்டு இரும்புத் துண்டுகள், பசை வைத்து ஒட்டி. கையில் எடுத்தால் கனமாக, உசத்தியாகத் தெரிய வேண்டுமாம். பேட்டரியின் மேல் ஒரு எழுத்துகூட இல்லை, கொள்ளளவும் இல்லை, பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் இல்லை. ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது. இதைத்தான் ஒரு மாதம் பாப்பா தூங்கும் அறையில் ராத்திரி முழுக்க சார்ஜில் போட்டு வைத்திருந்தேன்.

உப்பிய லித்தியம் பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது, வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். அதனால் பழைய பெயின்ட் டப்பாவில் மணல் போட்டு, அதற்குள் வைத்து மொட்டை மாடியில் நிழலில் வைத்திருக்கிறேன். மின்கழிவு எடுக்கும் இடத்துக்கு இந்தச் சனிக்கிழமை கொண்டுபோக வேண்டும்.