அனிமேஷனை அணைத்துவிட்டு மறுபடியும் போட்டுக்கொண்டேன்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் போட்டோஸ்டாட் கடை வைத்திருக்கிறேன். ஐசி (அடையாள அட்டை) நகல், ஈபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கை, கல்யாணப் பத்திரிகை என்று எல்லாமே இரண்டு பழைய கணினிகளில்தான் ஓடுகிறது. தோட்டத்தில் சம்பளம் போட்ட மறுநாள் வாசல் வரை ஆள் நிற்கும்போது, ஒரு சாளரம் திறக்க எடுக்கும் நேரம் எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

விண்டோஸ் 10 காலத்தில், சாளரம் திறக்கும்போதும் மூடும்போதும் வரும் அசைவுகளை, அதாவது அனிமேஷன் மொத்தத்தையும் அணைத்துவிட்டேன், ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் இடம்) துணை மெனு காத்திருக்கும் நேரத்தையும் (இயல்பாக 400 மில்லி விநாடி) குறைத்தேன். ஒரு வாரம் பறந்தது. அப்புறம் கடைப் பையன் அடிக்கடி கூப்பிட ஆரம்பித்தான்: "அண்ணே, கல்யாணக் கார்டு காணோம்!" சாளரத்தைச் சிறிதாக்கியதும் சட்டென்று மறைந்துவிடுவதால், அது கீழே பட்டைக்குள் போனதை அவன் கண் பார்க்கவே இல்லை; அதே கோப்பை மறுபடி திறந்து, இரண்டு பிரதியில் மாறி மாறித் திருத்திக்கொண்டிருந்தான். அந்த அசைவு வெறும் அலங்காரம் இல்லை, பொருள் எங்கே போகிறது என்று கண்ணுக்குக் காட்டுவது.

எங்கள் 6-ஆம் தலைமுறை இன்டெல் சிப்புக்கு விண்டோஸ் 11 கிடையாது, 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரோடு முடியும் என்று அறிவித்திருந்ததால் 2023-லேயே லினக்ஸில் ஓடும் கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழலுக்கு மாறினேன். அதில் அனிமேஷன் வேகத்தை இழுத்துக் கூட்டிக் குறைக்கவென்றே ஒரு ஸ்லைடர் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஒன்று சொல்ல வேண்டும்: அசைவு வழுக்கிக்கொண்டு போவது வேறு, கணினி உடனே பதில் சொல்வது வேறு. விநாடிக்கு 60 முறை படம் மாறும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படத்துக்கும் 16.7 மில்லி விநாடிதான் அவகாசம், தவறினால் இழுப்பு கண்ணில் படும். ஆனால் அசைவு முடியும்வரை நம் தட்டச்சை வாங்காமல் நிற்பது அதைவிட மோசம். நான் சோதிப்பது இப்படி: மெனு பொத்தானை அழுத்திய கையோடு செயலியின் பெயரைத் தட்டுவேன், முதல் எழுத்து விழுங்கப்பட்டால் அந்த அமைப்பு எனக்கு வேண்டாம். இத்தனை நாளில் பிளாஸ்மா என் கையில் ஒரு எழுத்தைக்கூட விழுங்கவில்லை. பழைய கிராபிக்ஸ் சிப் திணறியதால் பின்னணியை மங்கலாக்கும் பிளரை மட்டும் அணைத்தேன்.

இன்னும் சுழலும் ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவர்கள் முதலில் எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்) போடுங்கள், எந்த ஸ்லைடரும் அதற்கு ஈடாகாது.

பையனின் கணினியில் வேகத்தை நடுவில் விட்டிருக்கிறேன், என்னுடையதில் இரண்டு படி கூடுதல். இப்போது கார்டு காணாமல் போவதில்லை.