35 வயதில் எது: பாப் பரிசோதனையா, எச்.பி.வி. பரிசோதனையா?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு முன்கூட்டியே பரிசோதிப்பது என்றால் யாழ்ப்பாணத்தில் பலருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அரசாங்கத்தின் சுகவனிதையர் கிளினிக்கில் எடுக்கும் பாப் பரிசோதனை. இப்போது லண்டனில் இருக்கிற மச்சாள் போனில் "அதெல்லாம் பழசு, இங்கே எச்.பி.வி. டெஸ்ட்தான்" என்கிறாள். ஒன்ராறியோவில் இருக்கிற தங்கச்சியும் அதையேதான் சொல்கிறாள். அங்கே 2025 மார்ச்சில் மாற்றிவிட்டார்கள். சரி, கொடிகாமத்திலோ சுன்னாகத்திலோ இருக்கிற 38 வயதுப் பெண் இதில் எதை எடுப்பது?

பாப்பை முதலில் பார்ப்போம். திரைக்குப் பின்னால் ஒரு கட்டில். யோனியை விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்துக் கருப்பைக் கழுத்தைப் பார்க்கிறார்கள். தட்டையான மரக்குச்சியை அதைச் சுற்றி ஒரு சுழற்றுச் சுழற்றி, வந்ததைக் கண்ணாடித் தகட்டில் பூசி, காய்ந்துபோக முன்னர் மதுசாரத்தில் போடுகிறார்கள். தகட்டின் ஓரத்தில் இலக்கத்தைப் பென்சிலால்தான் எழுதுவார்கள், பேனை மை மதுசாரத்தில் கரைந்துவிடும். சில நிமிட வேலை. வலி என்று பெரிதாக இல்லை, ஒரு அந்தரம் இருக்கும். பிறகு அந்தத் தகட்டை ஒருவர் நுணுக்குக்காட்டியில் வைத்து, கலங்களின் வடிவம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் தேடுகிறார்.

பாப்பின் பலமும் பலவீனமும் அந்தக் கண்ணில்தான். மாறிய கலம் குச்சியில் ஒட்டாமல் போகலாம், பூச்சு தடித்துப் போகலாம், பார்ப்பவர் களைத்திருக்கலாம். ஒரே ஒரு தடவை எடுத்தால் புற்றுநோய்க்கு முந்தைய கல மாற்றங்களில் கணிசமான பங்கு கண்ணில் படாமல் தப்பிவிடும். அதனால்தான் பாப்பை நம்பியிருந்த நாடுகள் அதை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று வைத்திருந்தன.

எச்.பி.வி. பரிசோதனை கலத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை. அந்த மாற்றத்தை உண்டாக்கும் எச்.பி.வி. (ஹியூமன் பப்பிலோமா வைரஸ்) என்ற வைரசின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று இயந்திரம் தேடுகிறது. இந்தப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே எச்.பி.வி.யால் வருவது, 16, 18 ஆகிய இரண்டு வகைகளே சுமார் 70 வீதத்துக்குக் காரணம். இந்தத் தொடர்பைக் கண்டுபிடித்ததற்காக ஹரால்ட் சூர் ஹௌசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. வைரஸ் தொற்றிப் புற்றுநோயாக மாறச் சாதாரணமாக 15 முதல் 20 வருடங்கள் எடுக்கும். ஆகவே இன்று வைரஸ் இல்லை என்று வந்தால் அடுத்த பல வருடங்களுக்கு ஓரளவு நிம்மதியாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனமும் 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் போதும் என்கிறது.

இரண்டையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வு நம் பக்கத்து நாட்டிலேயே நடந்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுவரையான சுமார் 1,31,000 கிராமத்துப் பெண்களை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு எச்.பி.வி., ஒன்றுக்குப் பாப், ஒன்றுக்கு வினிகர் போன்ற அசற்றிக் அமிலம் தடவிப் பார்ப்பது, கடைசிக் குழுவுக்கு வழமையான பராமரிப்பு மட்டும். எல்லாம் ஒரே ஒரு தடவைதான். எட்டு வருடம் பார்த்தபோது, வழமைக் குழுவில் இந்தப் புற்றுநோயால் 64 பேர் இறந்திருந்தார்கள். அதைவிடச் சற்றுப் பெரிய எச்.பி.வி. குழுவில் 34 பேர். மற்ற இரண்டு முறைகளாலும் இறப்பை அந்தளவுக்குக் குறைக்க முடியவில்லை. முடிவுகள் 2009இல் வெளிவந்தன. (அமிலம் தடவும் முறை தமிழ்நாட்டு அரச சுகாதார நிலையங்களில் பழக்கத்தில் உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அது அவ்வளவு பொருந்தாது. நமக்கு அதைப் பற்றி அதிகம் யோசிக்கத் தேவையில்லை.)

அப்படியென்றால் மச்சாள் சொன்னதுதான் சரியா? பரிசோதனையை மட்டும் பார்த்தால், ஆம். ஆனால் எச்.பி.வி.க்கும் ஒரு தொல்லை இருக்கிறது. "பொசிட்டிவ்" என்று ஒரு தாள் வந்தால் வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிடும். எங்கிருந்து வந்தது, யாரால் வந்தது என்று கேள்விகள் கிளம்பும். உண்மையில் பாலுறவு உள்ள பெரும்பாலானோருக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வந்து போகும் தொற்று இது. அதிகமானவை ஓரிரண்டு வருடத்தில் தானாகவே போய்விடும். எப்போது தொற்றியது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது. இதை யாராவது உட்கார்ந்து விளக்க வேண்டும்.

எங்கே எடுப்பது என்பதும் முக்கியம். பிரைவேட்டில் காசு கட்டினால் பரிசோதனை நடக்கும், ரிப்போர்ட்டும் கைக்கு வரும். அதோடு சரி. பிறகு கொல்போஸ்கோபிக்கு (கருப்பைக் கழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அடுத்த கட்டப் பரிசோதனை) போனீர்களா என்று தேடி வர அங்கே ஆளில்லை. கிளினிக்கில் நிலைமை வேறு. பெயர் பதிவேட்டில் இருக்கும், வராவிட்டால் மிட்வைஃப் மிஸ் படலையில் வந்து கூப்பிடுவார். ஊரெல்லாம் தெரிந்தவர் என்பதாலேயே சிலர் அங்கே போகக் கூச்சப்படுவதும் உண்மை. அப்படிக் கூச்சம் என்றால் பக்கத்துப் பிரிவுக் கிளினிக்குக்குப் போகலாமா என்று கேட்டுப் பாருங்கள்; போகாமல் இருப்பதைவிட அது நல்லது. கிளினிக்கில் இன்னொரு லாபம், பிரஷர், சீனி, மார்புப் பரிசோதனை எல்லாம் ஒரே வரவில் இலவசமாக முடிந்துவிடும். 1996இலிருந்து இந்தக் கிளினிக்குகள் நடக்கின்றன.

கிளினிக்கில் எனக்குள்ள குறை வேறு. அங்கே முக்கியமாகக் கூப்பிடுவது 35 வயதிலும் 45 வயதிலும். அந்தப் பத்து வருட இடைவெளி எச்.பி.வி.க்குப் பொருந்தும், பாப்புக்கு அது நீளம். ஆகவே 35இல் பாப் எடுத்து நல்ல ரிப்போர்ட் வந்தவர் 45வரை காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. இடையில் ஒரு தடவையாவது கேட்டுப் போய் எடுங்கள். காசு வசதி உள்ளவர் அந்த இடைத் தடவையை எச்.பி.வி.யாகச் செய்யலாம். ஆனால் ரிப்போர்ட்டைப் பெட்டிக்குள் வைக்காமல் அதே கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இலங்கையில் எச்.பி.வி. முறையை முதலில் களுத்துறை மாவட்டத்தில்தான் செய்து பார்த்தார்கள். உங்கள் பிரிவில் எது எடுக்கிறார்கள் என்று மிஸ்ஸிடமே கேளுங்கள்.

தானே மாதிரி எடுப்பது பற்றியும் ஒரு வார்த்தை. மென்மையான பஞ்சுக்குச்சியை உள்ளே வைத்துச் சில தடவை சுழற்றி எடுத்துக் குழாயில் போட்டுக் கொடுப்பது, அவ்வளவுதான். ஸ்பெகுலமும் இல்லை, கட்டிலும் இல்லை. எச்.பி.வி.க்கு மட்டும்தான் இது சரிவரும், பாப்புக்குச் சரிவராது. அவுஸ்திரேலியாவில் 2022 ஜூலையிலிருந்து பரிசோதனைக்கு வரும் எல்லோருக்கும் இந்தத் தெரிவு உண்டு. குறிகட்டுவானில் படகேறிப் போகும் நெடுந்தீவு மாதிரி இடங்களுக்கு இதைவிட ஏற்றது எனக்குத் தெரியவில்லை.

பாப் எடுக்கப் போவதென்றால் மாதவிடாய் நாட்களைத் தவிருங்கள். முந்தைய இரண்டு நாளும் உறவோ, உள்ளே வைக்கும் மருந்தோ வேண்டாம். புற்றுநோய் இல்லாத காரணத்துக்காகக் கருப்பையைக் கழுத்தோடு சேர்த்து அகற்றியவருக்குப் பொதுவாக எந்தப் பரிசோதனையும் தேவையில்லை. மகளுக்கு ஆறாம் வகுப்பில் பாடசாலையில் இரண்டு தடவை போடும் எச்.பி.வி. ஊசிக்குச் சம்மதம் கொடுங்கள். ஆனாலும் அவள் வளர்ந்த பிறகு பரிசோதனைக்குப் போகத்தான் வேண்டும், ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.

உறவுக்குப் பிறகு இரத்தம் படுகிறது, மாதவிடாய் நின்ற பிறகு திரும்பவும் படுகிறது என்றால் இந்த ஒப்பீடே உங்களுக்கானது அல்ல. கிளினிக் நாளைப் பார்த்துக் காத்திருக்காமல் போதனா வைத்தியசாலையில் பெண் நோயியல் டொக்டரிடம் நேரே போங்கள். அந்த நேரத்தில் நல்லதாக வந்த பழைய பாப் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக் கூடாது.